செயின் மோட்டார் பொருத்தும் குரூயிசர் சைக்கிள்: எதில் பணத்தைப் போடுவது?

கேள்வி: தங்கச்சிமடத்தில் வசிக்கிறேன், மண்டபத்தில் ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். போகவர ஏறத்தாழ 20 கிலோமீட்டர், நடுவில் பாம்பன் சாலைப் பாலம். என்னிடம் 26 அங்குல அகல டயர் போட்ட குரூயிசர் சைக்கிள் உள்ளது. செயின் மூலம் ஓடும் 24 வோல்ட், 250 வாட் மோட்டார் கிட்டை (பேட்டரி நீங்கலாக) இணையத்தில் 7,500 ரூபாய்க்குத் தருகிறார்கள். ஹப் மோட்டாரே மேல் என்றும், 350 வாட் இல்லாமல் பாலம் ஏறாது என்றும் நண்பர்கள் சொல்கிறார்கள். எந்தப் பேட்டரியை வாங்குவது, வண்டிக்குப் பதிவெண் தேவையா என்பதையும் விளக்க வேண்டுகிறேன்.
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: உங்கள் ஊருக்குச் செயின் மோட்டாரே பொருந்தும். ஆனால் அந்த 7,500 ரூபாயைக் கட்டுவதற்கு முன் சைக்கிளின் பின்சக்கரத்தைப் பாருங்கள். இந்த வேலை கெட்டுப்போனால் பெரும்பாலும் அங்கேதான் கெடும்.

சக்கரத்தின் மையமான ஹப்புக்குள்ளேயே அடங்கிய ஹப் மோட்டார் சத்தமில்லாமல் ஓடும், பார்வைக்கும் அழகாக இருக்கும். ஆனால் அச்சு வழியாக ஒயர் நுழையும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்து உள்ளே துருப்பிடித்துவிட்டால், சக்கரத்தோடு கழற்றி வெளியூருக்கு அனுப்ப வேண்டியிருக்கும். செயின் வகையில் சந்தையில் அதிகம் கிடைப்பது எம்.ஒய். 1016 இசட் 2 என்ற கார்பன் பிரஷ் மோட்டார். பிரஷ் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். அதன் 9 பல் சக்கரம் சாதாரண ஒற்றை கியர் சைக்கிள் செயினையே இழுப்பதால் மாற்றுச் செயினுக்கு அலைய வேண்டியதில்லை. மோட்டாரைத் தாங்கும் தகடு வளைந்தாலும், விசைப்படகு வேலை பார்க்கும் லேத் பட்டறையில் அதைவிடத் தடித்த தகட்டில் ஒன்றைச் செய்து வாங்கிவிடலாம். செயின் சத்தத்தையும், மாதந்தோறும் அதைத் துடைத்து எண்ணெய் இடும் வேலையையும் நீங்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி பின்சக்கரத்துக்கு வருவோம். மலிவான கிட்களில் மோட்டாரின் பெரிய பல் சக்கரத்தை இடப்பக்கத்து ஸ்போக்குகளின் மீதே ரப்பர் வளையம் வைத்து முடுக்கச் சொல்வார்கள். கடற்காற்றில் நின்ற சைக்கிளில் ஸ்போக்கும் ரிம்மும் சேரும் நிப்பிளைச் சுற்றிப் பழுப்புத் தூள் உதிர்ந்திருப்பதைக் காணலாம். அந்த ஸ்போக்கின் மேல் மோட்டாரின் இழுவையையும் ஏற்றினால் ஒவ்வொன்றாக அறும். ஆறு போல்ட் டிஸ்க் பிரேக் ஹப் உள்ள சக்கரமாக மாற்றி, டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் பல் சக்கரத்தைப் பூட்டுவதே உறுதியான வழி. அப்படிச் செய்தால் பின் பிரேக் ரிம்மைப் பிடிக்கும் வகையாகவும், முன் பிரேக் முடிந்தால் டிஸ்க்காகவும் இருக்கட்டும். ஸ்போக்குகளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேட்டு வாங்குங்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்து நிறுத்தும் கோஸ்டர் ஹப் உங்கள் குரூயிசரில் இருந்தால், அது இந்த வேலைக்கு உதவாது.

விற்பவரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: மோட்டாருக்கும் பெடலுக்கும் தனித்தனி ஃப்ரீவீல் (முன்னோக்கி இழுக்கும்போது மட்டும் சக்கரத்தைப் பிடித்து, மற்ற நேரம் விட்டுச் சுழலும் பல் சக்கரம்) இருக்கிறதா? இரண்டு பல் சக்கரங்களும் ஒரே ஃப்ரீவீலின் மேல் இருந்தால், மோட்டார் ஓடும்போது பெடலும் தானே சுழன்று கணுக்காலில் அடிக்கும். மோட்டார் பக்கம் ஃப்ரீவீலே இல்லையென்றால், பேட்டரி தீர்ந்த பிறகு மோட்டாரையும் அதன் கியரையும் சேர்த்து நீங்கள்தான் மிதித்து இழுக்க வேண்டும். இடப்பக்கம் பொருத்துவதற்கு இடது மரையுள்ள ஃப்ரீவீல் வேண்டும். வழக்கமானதை அங்கே போட்டால் ஓட ஓடக் கழன்றுவிடும். இந்தக் கேள்விக்கு எழுத்தில் தெளிவான பதில் தராத விற்பனையாளரை விட்டுவிடுங்கள்.

350 வாட் வேண்டாம்; உங்கள் 250 வாட்டே விதியின் விளிம்பில்தான் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 250 வாட்டுக்குக் குறைந்த திறனும் 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உள்ள மின்வண்டிக்கு மட்டுமே பதிவிலிருந்து விலக்கு உண்டு. பெடல் உதவி வகையாக இருந்தால், மிதிப்பதை நிறுத்தியதும் மோட்டாரும் நிற்க வேண்டும்; பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்குள் இருக்க வேண்டும்; முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் வேண்டும். இதைத் தாண்டினால் பதிவு, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் கட்டாயமாகிவிடும். கிட் விற்பவர்கள் சொல்லாத இன்னொன்றும் உண்டு. இந்த விலக்கு, புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனம் ஒப்புதல் அளித்த வண்டிக்கு உரியது. வீட்டில் கூட்டிய சைக்கிளுக்கு அந்தச் சான்று இராது என்பதை அறிந்தே இறங்குங்கள்.

பாலம் ஏறுமா என்ற கவலைக்குக் கணக்கே பதில் சொல்லும். மோட்டாரின் வெளித்தண்டு நிமிடத்துக்குச் சுமார் 300 முறை சுற்றுவதாகக் கொள்வோம். அதன் 9 பல், பின்சக்கரத்தில் 18 பல்லை இழுத்தால் சக்கரம் 150 சுற்று சுற்றும். 26 அங்குலச் சக்கரத்தில் அது மணிக்கு 18 அல்லது 19 கிலோமீட்டர். 16 பல் வைத்தால் 21 வரை போகலாம். பாலத்தை எண்ணி 18 பல்லையே எடுங்கள்; ஏற்றத்தில் நீங்களும் மிதியுங்கள், மோட்டார் சூடாகாது.

பேட்டரியில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். பேட்டரி தரும் மின்சாரத்தை வாட்-மணியில் அளப்பார்கள்; வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் அது கிடைக்கும். நீங்களும் சற்று மிதித்தால் கிலோமீட்டருக்கு 12 முதல் 15 வாட்-மணி செலவாகும் என்று வையுங்கள். 20 கிலோமீட்டருக்கு 240 முதல் 300 வரை தேவை. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், காலையில் மண்டபம் நோக்கி மேற்கே போகும்போது எதிர்காற்றில் இன்னும் கூடும். கிட்டோடு சேர்த்து விற்கப்படும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரிகள் இரண்டும் சேர்ந்து காகிதத்தில் 168 வாட்-மணிதான். 10 ஆம்பியருக்கு மேல் வேகமாக இழுக்கும்போது அதுவும் முழுதாகக் கிடைக்காது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 25.6 வோல்ட், 15 ஆம்பியர்-மணி பேட்டரியை வாங்குங்கள். அதில் 384 வாட்-மணி இருக்கும். பேட்டரியை அளவுக்கு மீறிய சார்ஜிலிருந்தும் இழுவையிலிருந்தும் காக்கும் பி.எம்.எஸ். என்ற மின்சுற்று உள்ளதா, சார்ஜர் 29.2 வோல்ட் வகையா என்று பாருங்கள். பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் போடுவதையும், பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் லீவரையும் விட்டுவிடாதீர்கள். கனெக்டர்களில் கிரீஸ் தடவுங்கள். உப்புக் காற்றில் செம்பின் மேல் பச்சைக் களிம்பு ஏறிவிட்டால், மோட்டாரே பழுதாகிவிட்டதென்று நினைத்துச் செலவு செய்துகொண்டிருப்பீர்கள்.

ஒரு கணக்கு மட்டும் பாக்கி. முழு மின்சைக்கிளாக வாங்கினால் ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, லித்தியம் பேட்டரியைத் தனியே வாங்கினால் 18 விழுக்காடு. சக்கரம், பேட்டரி, லேத் கூலி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஒப்புதல் பெற்ற மின்சைக்கிளின் விலையை அது நெருங்கினால், வேலைக்குப் போகவர அதையே வாங்குங்கள். குரூயிசரின் நீண்ட உடலும் அகன்ற ஹேண்டில் பாரும்தான் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றால், அது வேறு கணக்கு; அதில் நான் தலையிடவில்லை.

கேள்வி: இதே வேலைக்காக இணையத்தில் 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி என்று போட்டிருந்த லித்தியம் பேட்டரியை வாங்கினேன். சொன்ன தூரத்தில் பாதிகூட ஓடவில்லை. நீங்கள் ஓட்டும் முறை சரியில்லை என்று விற்றவர் கைவிரிக்கிறார்.
– வாசகர், கீழக்கரை

பதில்: ஓட்டும் முறை பற்றிய வாதத்துக்கே இடம் வைக்காதீர்கள். 12 வோல்ட், 55 வாட் கார் முகப்பு விளக்குகள் இரண்டைத் தொடராக இணைத்து, முழுதாக சார்ஜ் ஏற்றிய பேட்டரியில் எரியவிடுங்கள். ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து ஆம்பியர் இழுக்கும். 12 ஆம்பியர்-மணி உண்மையானால் சுமார் இரண்டரை மணி நேரம் எரிய வேண்டும். ஒன்றேகால் மணி நேரத்தில் அணைந்துவிட்டால், உள்ளே இருப்பது பாதிதான். பேட்டரியின் வரிசை எண், கடிகாரம், வோல்ட் மீட்டர் மூன்றும் தெரியும்படி தொடக்கம் முதல் முடிவு வரை காணொளி எடுத்து, பில்லோடும் விளம்பரத்தின் திரைப்பிடிப்போடும் சேர்த்து வையுங்கள்.

பிறகு அந்த இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்வு தர வேண்டும். தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லலாம். விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். தேவைப்பட்டால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே பேட்டரியின் உறையைப் பிரித்துப் பார்க்காமல், முத்திரையோடு அப்படியே வைத்திருங்கள்.