பால் போத்தலுக்கு முன் பித்தளைச் செம்பை மாற்றுங்கள்

கேள்வி: எங்கள் மகனுக்கு நான்கு மாதம் ஆகிறது. தாய்ப்பாலோடு பால்மாவும் கொடுத்து வருகிறோம். அடுத்த மாதம் நான் வேலைக்குத் திரும்பும்போது அவனைக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் விடப்போகிறோம். எங்களிடம் இருப்பவை அடியில் 5 என்ற எண் பொறித்த பிளாஸ்டிக் போத்தல்கள். அவற்றிலிருந்து நுண்துகள்கள் பாலில் கலப்பதாகத் தோழிகள் சொன்னதிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. எல்லாவற்றையும் எறிந்துவிட்டு, ‘நச்சற்றது’ என்று விற்கப்படும் மூங்கில் தட்டும் சிலிகான் கிண்ணமும் அடங்கிய தொகுப்பை வாங்கலாமா? கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் என் மாமியார் வெள்ளிச் சங்கு, தண்ணீரும் பாலும் காய்ச்சப் பித்தளைச் செம்பு, கஞ்சி வைக்க இண்டாலியம் குக்கர் ஆகியவற்றைக் கொண்டுவந்திருக்கிறார். உலோகம்தான் பாதுகாப்பு என்பது அவர் கருத்து. நாங்கள் என்ன செய்வது?
வாசகி, பொங்கோல், சிங்கப்பூர்

பதில்: உங்கள் கடிதத்தில் உள்ள பொருள்களை ஆபத்தின் வரிசையில் வைத்துப் பார்த்தால், நீங்கள் அதிகம் அஞ்சும் பிளாஸ்டிக் போத்தல் கீழே போய்விடுகிறது, வீட்டில் எவரும் சந்தேகிக்காத பித்தளைச் செம்பும் இண்டாலியம் குக்கரும் மேலே வந்து நிற்கின்றன. ஆகவே அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

பித்தளை என்பது தாமிரம் எனப்படும் செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். பாலில் உள்ள கேசின் என்னும் புரதம் செம்பை எளிதில் பற்றிக்கொள்ளும் தன்மையுடையது. அதனால் வெள்ளீயப் பூச்சு இல்லாத, அல்லது பூச்சுத் தேய்ந்துபோன பித்தளைப் பாத்திரத்தில் பாலைக் காய்ச்சி அதிலேயே வைத்திருந்தால், பெரியவர்களுக்குப் பொருட்டில்லாத அளவு செம்பு, ஒரு கைக்குழந்தையின் முதிராத ஈரலுக்கு மிகுதியாகிவிடக்கூடும். இந்தியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே மருத்துவர்கள் எழுதிவந்த, சிறு குழந்தைகளின் உயிரைப் பறித்த ‘இந்தியக் குழந்தைப் பருவ ஈரல் இறுக்கி நோய்’ எப்படி வருகிறது என்பது பல பத்தாண்டுகள் விளங்கவில்லை. செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் காய்ச்சிய விலங்குப் பாலை மிக இளம் வயதிலேயே கொடுத்துவந்த வழக்கத்துக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1983இல் வெளிவந்த ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியது. எவர்சில்வர் பாத்திரங்கள் வீடுகளில் பரவியதும் அந்நோய் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. ஆஸ்திரியாவின் டைரோல் வட்டாரத்திலும் 1900க்கும் 1974க்கும் இடையில் இதே போன்ற நோயால் 138 குழந்தைகள் இறந்ததாகப் பதிவு இருக்கிறது. அங்கும் செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிய பசும்பாலே குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. மரபுக்கூறும் சேர்ந்திருக்கலாம் என்ற கருத்து உண்டு. ஆனால் உங்கள் மகனிடம் அத்தகைய கூறு இருக்கிறதா என்பதைச் செம்பை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. தண்ணீர், பாலைப் போல் அத்தனை செம்பை இழுப்பதில்லை என்றாலும், பால்மாவுக்கான தண்ணீரையும் அதில் காய்ச்ச வேண்டாம். ஒரு வயது முடியும்வரை பசும்பாலைத் தாய்ப்பாலுக்கோ பால்மாவுக்கோ மாற்றாகக் கொடுக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இண்டாலியம் குக்கரைப் பற்றிய கவலை வேறு வகையானது. அலுமினியக் கலவையான இதில், பழைய உலோகக் கழிவுகளை உருக்கிச் சேர்க்கும்போது ஈயம் கலந்துவிடுவது உண்டு. இறக்குமதியாகும் இத்தகைய சில அலுமினிய, பித்தளைப் பாத்திரங்களிலிருந்து உணவில் ஈயம் கசியக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025இல் எச்சரித்தபோது, ‘இண்டாலியம்’ என்ற பெயரையே குறிப்பிட்டது. எல்லா இண்டாலியப் பாத்திரமும் அப்படித்தான் என்று பொருளில்லை. ஆனால் எது அப்படிப்பட்டது என்பதைக் கண்ணால் பார்த்து அறிய வழியில்லை. விழுங்கும் ஈயத்தில் பெரியவர்கள் ஈர்ப்பதைவிட நான்கைந்து மடங்கு குழந்தைகளின் உடல் ஈர்த்துக்கொள்கிறது. வளரும் மூளைக்கு இந்த அளவு ஈயம் தீங்கற்றது என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் இல்லை. பருப்பும் தக்காளியும் புளியும் சேர்ந்து வேகும்போது கசிவு கூடும். எனவே உங்கள் மகனுக்குத் திட உணவு தொடங்கும் முன், அதாவது ஏறத்தாழ ஆறு மாதம் ஆவதற்குள், ஒரு சிறிய எவர்சில்வர் குக்கர் வாங்கிவிடுங்கள். நச்சற்றது என்று விற்கப்படும் தொகுப்புக்கு ஒதுக்கிய பணத்தை இதற்குச் செலவிடுவதே என் பரிந்துரை. நீங்களே கருவுற்றிருந்த காலத்தில் நெடுநாள் இத்தகைய குக்கரில் சமைத்ததைச் சாப்பிட்டிருந்தால், அதை அடுத்த தடுப்பூசிக்குச் செல்லும்போது பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குழந்தை மருத்துவரிடமோ சொல்லுங்கள். தேவை என்று அவர் கருதினால் இரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதிப்பார்.

மாமியாரிடம் இவற்றைச் சொல்வது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். உலோகம் பாதுகாப்பு என்று அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அந்த உலோகம் எவர்சில்வராக இருக்கும்வரை. அப்படிச் சொன்னால் பேச்சு சண்டையில் முடியாது.

வெள்ளிச் சங்கைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை, இரண்டு நிபந்தனைகளோடு. பழைய வெள்ளிப் பொருள்களின் பற்றவைப்பில் காட்மியம் என்னும் நச்சு உலோகம் கலந்திருக்கக்கூடும். ஆகவே மூக்குப் பகுதியில் ஒட்டுத் தெரிகிற, அல்லது விளிம்பு பிளந்த சங்கை வழிபாட்டு அலமாரியில் வைத்துவிட்டு, அன்றாடப் பயன்பாட்டுக்கு ஒட்டில்லாத எவர்சில்வர் பாலாடையை (பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணம்) எடுத்துக்கொள்ளுங்கள். கறுத்துப்போன வெள்ளியைக் கடையில் விற்கும் மெருகு நீரால் துலக்கி உடனே குழந்தைக்குக் கொடுக்கவும் கூடாது. இரண்டாவது, படுத்திருக்கும் குழந்தையின் வாயில் சங்கைச் சாய்த்து ஊற்றும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். பால் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடிந்த குழந்தைகளை மருத்துவர்கள் இன்றும் பார்க்கிறார்கள். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, கீழுதட்டில் பாலாடையின் நுனியைத் தொடுமாறு வைத்து, அவனாக உறிஞ்சும்வரை காத்திருக்க வேண்டும்.

இனி உங்கள் போத்தல்களுக்கு வருவோம். 5 என்ற எண் பாலிபுரோப்பிலீனைக் குறிக்கிறது. உலகெங்கும் பயமூட்டிய பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருள் பாலிகார்பனேட் என்னும் வேறொரு கெட்டியான, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கின் மூலப்பொருள். பாலிபுரோப்பிலீனில் அது இடம்பெறுவதே இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் பால் போத்தல்களில் அதைத் தடை செய்தது. மலேசியா 2012இல் தடை செய்தது. எனவே இன்று கடையில் வாங்கும் புதிய போத்தலைவிட, உறவினர் வீட்டு அலமாரியிலிருந்தோ இணையத்தில் கைமாறியோ வரும், அடியில் எண் பொறிக்காத பழைய போத்தல்களைத்தான் தவிர்க்க வேண்டும். 7 என்ற எண் பற்றி ஒரு குழப்பம் உலவுகிறது: அது ‘மற்றவை’ என்ற பிரிவு மட்டுமே. பாலிகார்பனேட்டும் அதில் வரும், பாதுகாப்பானதாகக் கருதப்படும் பிபிஎஸ்யு என்ற தேன்நிறப் பிளாஸ்டிக்கும் அதில் வரும்.

உங்கள் தோழிகள் சொன்னது பொய்யல்ல. அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் பாலிபுரோப்பிலீன் போத்தல்களைச் சோதித்தபோது, 25 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு ஏறத்தாழ 6 லட்சமாக இருந்த துகள்கள், 95 டிகிரியில் ஏறத்தாழ ஐந்தரைக் கோடியாகப் பெருகின. இத்துகள்கள் குழந்தைக்கு நோய் உண்டாக்குகின்றன என்று இதுவரை நிறுவப்படவில்லை. இருந்தாலும் இந்த எண்களில் கவனிக்க வேண்டியது பிளாஸ்டிக்கைவிடச் சூட்டைத்தான், ஏனெனில் அதைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. ஆனால் இங்கேதான் பல பெற்றோர் தவறான பக்கம் திரும்பிவிடுகிறார்கள். துகளுக்குப் பயந்து, சுடுநீர்க் கருவியிலிருந்து வரும் இளஞ்சூட்டு நீரில் பால்மாவைக் கலக்கத் தொடங்குகிறார்கள். பால்மாவு கிருமியற்ற பொருள் அல்ல. குரோனோபாக்டர், சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அதில் அரிதாக இருக்கலாம், அவற்றைக் கொல்ல நீர் குறைந்தது 70 டிகிரி இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வகுத்த வழிகாட்டி கூறுகிறது. குரோனோபாக்டர் பச்சிளங்குழந்தையின் மூளையைத் தாக்கினால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். அதைத் துகளோடு ஒப்பிட்டு எடைபோட முடியாது.

இரண்டையும் ஒருசேரத் தீர்க்கும் வழி எளியது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அரை மணி நேரத்துக்கு மிகாமல் ஆறவிடுங்கள். அப்போது அது 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும், சிறிதளவு நீரானால் விரைவில் ஆறிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். கிருமிநீக்கிய கண்ணாடிக் குவளையிலோ எவர்சில்வர் டம்ளரிலோ முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, பிறகு மாவைச் சேர்த்துக் கலக்கி, குவளையைக் குளிர்ந்த நீரில் வைத்துக் குடிக்கும் சூட்டுக்கு ஆற்றி, அதன்பின் போத்தலில் ஊற்றுங்கள். போத்தலைக் கொதிநீரிலோ நீராவியிலோ கிருமிநீக்கிய பிறகு, வேறு பாத்திரத்தில் காய்ச்சி ஆறவைத்த நீரால் மூன்று முறை அலசுங்கள். நுண்ணலை அடுப்பில் போத்தலை வைக்கவே கூடாது. உட்புறத்தைக் கரடான தூரிகையால் தேய்க்காமல் மென்மையான பஞ்சால் கழுவுங்கள். கீறலோ வெண்படலமோ விழுந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். இவ்வளவும் செய்தால் உங்கள் போத்தல்களே போதும்.

கண்ணாடிப் போத்தலை விரும்பினால் வெப்பம் தாங்கும் போரோசிலிகேட் வகையை, வெளிப்புறத்தில் வண்ணப் படம் அச்சிடாததாக வாங்குங்கள். அந்த மலிவு வண்ணங்களில் ஈயமும் காட்மியமும் இருப்பது உண்டு. வெப்பம் தாங்கும் இரட்டைச் சுவர் எவர்சில்வர்க் குவளைகளின் அடியில் ஈயப் பற்றவைப்பு இருந்ததால் 2022, 2023 ஆண்டுகளில் அமெரிக்காவில் சில குழந்தைக் குவளைகள் திரும்பப் பெறப்பட்டன. அடிமூடி கழன்று வந்தால் அக்குவளையை அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

நீங்கள் வாங்க நினைக்கும் தொகுப்பில் எனக்கு ஐயம் அந்த மூங்கில் தட்டின் மீதுதான். மூங்கில் தட்டு என்று விற்கப்படுபவற்றுள் பல, மூங்கில் தூளை மெலமைன் என்னும் பிளாஸ்டிக் பிசினில் குழைத்து அச்சில் வார்த்தவை. சூடான, புளிப்பான உணவு படும்போது மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் ஆகிய தீங்கான வேதிப்பொருள்கள் அதிலிருந்து வெளியேறுகின்றன. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இதைப் பற்றி 2019இல் எச்சரித்தது. தைவானில் மெலமைன் கிண்ணத்தில் சூடான நூடல்ஸ் சூப் குடித்தவர்களின் சிறுநீரில், பீங்கான் கிண்ணத்தில் குடித்தவர்களைவிடப் பல மடங்கு மெலமைன் இருந்தது. உணவங்காடியில் பெரியவர்கள் எப்போதாவது சாப்பிடுவது வேறு, ஒரு குழந்தை நாள்தோறும் அதே தட்டில் சூடான ரசம் சாதம் சாப்பிடுவது வேறு. முழு மூங்கிலால் செய்த கரண்டியோ நம் ஊரின் ஈரப்பதத்தில் எளிதில் பூஞ்சை பிடிக்கும். சிலிகான் கிண்ணம் நல்லது. முதல்முறை பயன்படுத்தும் முன் ஐந்து நிமிடம் கொதிக்கவையுங்கள். மஞ்சள் கறை படிந்தால் பயப்பட வேண்டாம், பிசுபிசுப்போ வாடையோ போகாவிட்டால்தான் மாற்ற வேண்டும்.

‘நச்சற்றது’ என்ற சொல்லுக்குப் பின்னால் எந்தச் சோதனையும் கட்டாயம் இல்லை. உணவோடு தொடர்புகொள்ளும் பாத்திரங்கள் ஈயம், காட்மியம், ஆர்செனிக், ஆன்டிமனி ஆகியவற்றைக் கசியவிடக் கூடாது என்பது சிங்கப்பூர் உணவு அமைப்பு நடைமுறைப்படுத்தும் விதி; ஆனால் வெளிநாட்டு இணைய விற்பனையாளரிடமிருந்து நேரே உங்கள் வீட்டுக்கு வரும் பொட்டலத்தை எவரும் திறந்து சோதிப்பதில்லை. ஆகவே உற்பத்தியாளர் பெயரும், மூலப்பொருளின் பெயரும், குடிக்கும் சாதனங்களுக்கு இஎன் 14350, கரண்டி தட்டுகளுக்கு இஎன் 14372 என்ற ஐரோப்பியத் தர எண்ணும் உள்ளனவா என்று பாருங்கள். எண் 3 இட்ட மென்மையான பிவிசி பிளாஸ்டிக்கை, அது கழுத்தில் கட்டும் ஏப்ரனாக இருந்தாலும், தவிர்ப்பது நல்லது. குழந்தைகள் அதைச் சப்புவார்கள்.

பராமரிப்பு நிலையங்களுள் கண்ணாடிப் போத்தலை ஏற்காதவை உண்டு, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அங்கே என்ன சூட்டுநீரில் பால் கலக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள், இதைக் கேட்பதில் தயங்க வேண்டாம். கலந்த பால்மாவை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். போத்தலின் காம்பை நீங்கள் ஒவ்வொரு காலையும் இழுத்துப் பார்த்து, கிழிசலோ தளர்ச்சியோ தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். பல் முளைக்கும் மாதங்களில் கடித்துத் துண்டாகித் தொண்டையில் அடைக்கக்கூடியது அதுதான்.