இயன் ஹோம்: மேடையை விட்டுச் சென்ற ஆண்டுகள் (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் ‘ஏலியன்’ படத்தை என் மகனுடன் மீண்டும் பார்த்தேன். அதில் ஆஷ் என்ற விஞ்ஞான அதிகாரியாக நடித்த இயன் ஹோமைப் பற்றித் தேடிப் படித்தபோது, அவர் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் ஐந்தாம் ஹென்றியாகவும் மூன்றாம் ரிச்சர்டாகவும் நடித்தவர் என்றும், 1976இல் மேடை அச்சத்தால் நாடகத்தை விட்டு விலகினார் என்றும் அறிந்தேன். அரசர்களாக நின்றவர், பிறகு சினிமாவில் சில நிமிடங்கள் வந்துபோகும் குணச்சித்திர நடிகராகிவிட்டது ஒரு வீழ்ச்சிதானே? அந்த ஆண்டுகள் வீணானவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தில் பாதியை மறுப்பின்றி ஏற்றுக்கொள்கிறேன். 1931இல் பிறந்தவர் அவர். 1976 முதல் 1993 வரை, இடையில் 1979இல் நடித்த ‘வான்யா மாமா’ போன்ற அரிய விதிவிலக்கு நீங்கலாக, மேடைப் பக்கமே வரவில்லை என்றால், ஒரு நாடக நடிகரின் குரலும் உடலும் அனுபவமும் சேர்ந்து கனியும் வயது முழுவதும் கைவிட்டுப் போயிற்று என்றுதான் பொருள். 1976இல் யூஜின் ஓநீலின் ‘ஐஸ்மேன் கமத்’ நாடகத்தில் ஹிக்கி என்ற வேடம் அவருக்கு. மிக நீண்ட தனிப்பேச்சு கொண்ட வேடம். முன்னோட்டக் காட்சிகளின்போதே அவரால் தொடர முடியாமல் போய், மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

ஆனால் ‘வீணானவை’ என்ற சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை. அதைச் சொல்வதற்கு முன், மேடையில் அவர் எத்தகைய நடிகராக இருந்தார் என்பதைப் பார்க்க வேண்டும். 1954இல் ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் ஈட்டி ஏந்தி நிற்கும் வீரனாகத் தொடங்கியவர், பத்தே ஆண்டுகளில், ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியை நிறுவிய பீட்டர் ஹால் இயக்கத்தில் அரசர்களாக நின்றார். உயரம் குறைந்தவர், முழங்கும் குரலும் இல்லை. செய்யுளை ராகமிழுத்து ஒப்பிக்காமல், அந்தக் கணத்தில் மனத்தில் எழும் எண்ணமாகப் பேச வேண்டும் என்பது ஹாலின் பள்ளி. அதற்கு ஹோமைப் போன்ற ஒருவரே தேவைப்பட்டார். (அந்த உயரத்தால் அவருக்கு நெப்போலியன் வேடம் மூன்று முறை வாய்த்தது. அவற்றுள் ‘டைம் பேண்டிட்ஸ்’ நெப்போலியன், குடித்துவிட்டு உலகத்தின் குள்ளமான வெற்றிவீரர்களைப் பட்டியலிடுவான்.)

1965இல் ஹரால்டு பின்டரின் ‘ஹோம்கமிங்’ நாடகத்தில் லென்னி என்ற விபச்சாரத் தரகனாக நடித்தார். அதே வேடத்திற்காக 1967இல் நியூயார்க்கில் டோனி விருதும் பெற்றார். பீட்டர் ஹாலே அதை 1973இல் படமாக்கியதால் நாமும் பார்க்க முடிகிறது. நள்ளிரவில், அண்ணன் மனைவியின் கையிலிருக்கும் தண்ணீர்க் குவளையை வாங்கிக்கொள்வதாக லென்னி சொல்லும் காட்சி ஒன்று உண்டு. மிரட்டலாகத்தான் தொடங்குகிறான். அவள் அசையாமல் எதிர்மிரட்டல் விடுத்ததும், ஹோமின் குரல் உயர்வதில்லை. சொற்களின் இடைவெளி மட்டும் சற்றுப் பிசகுகிறது. தோற்றுவிட்டான் என்பது அவனுக்குத் தெரிவதற்கு முன் நமக்குத் தெரிந்துவிடுகிறது. பெரிய அரங்கின் கடைசி வரிசைக்கு இது எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, நானறியேன்; ஆனால் காமிராவுக்கு உகந்த நடிப்பு, அவர் மேடையை விடுவதற்கு முன்பே அவரிடம் இருந்தது என்பது என் துணிபு.

அதனால் சினிமாவில் கிடைத்த சில நிமிடங்கள் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. ஆஷ் ஒரு இயந்திர மனிதன் என்ற உண்மை வெளிப்படும் முன், கண்ணாடிக் கூண்டில் உட்காரப்போகையில் நின்ற இடத்திலேயே சில நொடிகள் விசித்திரமாக ஓடுவதை இரண்டாம் முறை பார்த்த நீங்கள் கவனித்திருப்பீர்கள். ‘சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்தில் அவர் பயிற்சியாளர் சாம் முசபினி. கூலி பெறும் தொழில்முறைப் பயிற்சியாளர் என்பதால் 1924 பாரிஸ் ஒலிம்பிக் மைதானத்துக்குள் அவருக்கு இடமில்லை. ஓட்டத்தை நாம் பார்க்கிறோம், அவர் பார்ப்பதில்லை. விடுதி அறை ஜன்னல் வழியாகக் கொடி ஏறுவதைக் கண்டு, தன் மாணவன் வென்றதை அறிந்து, வைக்கோல் தொப்பியைக் கையால் குத்திக் கிழிக்கிறார். அதற்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. பரிசு இன்னொரு மேடை மேதையான ஜான் கீல்குட்டுக்குப் போயிற்று.

இனி 1997. அவ்வாண்டு இயக்குநர் ஆட்டம் எகோயனின் ‘ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்’ வெளிவந்தது. ஹோமுக்கு அரிதாக வாய்த்த முதன்மை வேடம். பள்ளிப் பேருந்து விபத்தில் குழந்தைகளை இழந்த சிற்றூருக்கு நஷ்ட ஈட்டு வழக்கு தேடி வரும் வழக்கறிஞர். அவருடைய மகளோ போதைக்கு அடிமை. அந்த மகள் குழந்தையாக இருந்தபோது சிலந்தி கடித்து வீங்கிய கதையை விமானத்தில் அவர் சொல்கிறார். தொண்டை அடைத்துவிட்டால் கீறித் திறப்பதற்காக ஒரு கையில் கத்தியுடன், மடியில் கிடக்கும் குழந்தைக்குத் தாலாட்டுப் பாடியபடி மருத்துவமனைக்குப் போன கதை. முகத்தில் ஏறக்குறைய ஒன்றுமே நிகழ்வதில்லை.

அதே ஆண்டில்தான் லண்டன் நேஷனல் தியேட்டரின் மூன்று அரங்குகளில் மிகச் சிறியதான காட்டஸ்லோவில், ரிச்சர்ட் அயர் இயக்கத்தில், மகள்களை இழக்கும் இன்னொரு தகப்பனாக, லியர் அரசனாக நடித்தார். புயல் காட்சியில் அறுபத்தைந்து வயது உடலை முழு நிர்வாணமாக்கி நின்றார். 1998இல் ஆலிவியர் விருது கிடைத்தது. நான் பார்த்திருப்பது பிபிசிக்காக அயர் படமாக்கிய வடிவத்தை மட்டுமே. அதில் தெரியும் லியர், 1976இல் மேடையை விட்டுப் போன நடிகரால் செய்திருக்கக்கூடியது அல்ல என்பதே என் எண்ணம். மூச்சுக் காற்றுத் தொலைவில் ஒரு காமிராவை வைத்துக்கொண்டு வாழ்ந்த ஆண்டுகள் அதில் இருக்கின்றன. ‘ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்’ படத்தை முதலில் பாருங்கள், பிறகு லியர். அதன்பின்னும் அது வீழ்ச்சி என்றே தோன்றினால் மீண்டும் எழுதுங்கள்.

அன்புடன்.