பரிமாறுகிற பெண் ஏன் பேசவில்லை?

கேள்வி: பெண்ணிய நாடகம் பெண்ணின் வலியைச் சொன்னால் போதாதா? வர்க்கம், அரசியல் என்று இழுத்துப் பெண்களுக்குள்ளேயே பிரிவினை உண்டாக்குவது ஏன்? அடக்குமுறை எல்லாப் பெண்களுக்கும் ஒன்றுதானே?
– வாசகி ஒருவர், நெல்லியடி

பதில்: ஒன்றல்ல. வீட்டின் எசமானியும் அதே வீட்டுக்குச் சட்டி பானை கழுவ வருபவளும் ஒரே சுமையைத்தான் சுமக்கிறார்கள் என்று நாடகம் சொன்னால், அது எசமானியின் பக்கம் நின்றே அப்படிச் சொல்கிறது.

ஸ்பானிய நாடகாசிரியர் லோர்கா 1936இல் எழுதி, 1970களின் இறுதியில் க. பாலேந்திராவின் நாடகக் குழுவான அவைக்காற்று கலைக் கழகம் ‘ஒரு பாலை வீடு’ என்று தமிழில் மேடையேற்றிய நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்கூட மேடைக்கு வராத அந்நாடகத்தில், கணவன் இறந்ததும் ஐந்து மகள்மாரை எட்டு ஆண்டுத் துக்கத்துக்குள் பூட்டிவைக்கும் தாயைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் நாடகம் தொடங்குவது வேலைக்காரிகளின் பேச்சோடு. எசமானியின் படுக்கை விரிப்புகளை முப்பது ஆண்டுகளாகத் தோய்த்து, அவள் மிச்சம் விட்டதை உண்டு வந்ததை ஒருத்தி சொல்கிறாள். மிச்சம் கேட்டுப் பிள்ளையோடு வந்த பிச்சைக்காரியை மற்றவள், அது இன்று தனக்கென்று சொல்லி விரட்டுகிறாள். மூத்த மகளுக்குத் தந்தைவழிச் சொத்து உண்டு, அதனால் மாப்பிள்ளை வருகிறான். இன்னொரு மகளை நாடி வந்தவனையோ, அவன் தகப்பன் கூலிக்கு வேலை செய்தவன் என்பதற்காகத் தாய் தடுத்துவிடுகிறாள். சீதனமும் சாதியும் பார்த்தே சம்பந்தம் பேசும் யாழ்ப்பாணத்தில் இக்காட்சிக்கு உரை எழுதத் தேவையில்லை.

ஆங்கில நாடகாசிரியை கரில் சேர்ச்சிலின் ‘டொப் கேர்ள்ஸ்’ 1982இல் இலண்டனில் அரங்கேறியபோது அங்கே மார்கரெட் தட்சர் என்ற பெண்ணே பிரதமராக இருந்தார். அதில் பதவி உயர்வு பெற்ற மார்லீன், வரலாற்றிலிருந்தும் கலையிலிருந்தும் வரும் புகழ்பெற்ற பெண்களுக்கு விருந்து கொடுக்கிறாள். எல்லோரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டித் தத்தம் துயரத்தைச் சொல்ல, உணவு பரிமாறுகிற பெண் மட்டும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. மார்லீன் பெற்ற பிள்ளையை வளர்ப்பவள், துப்புரவு வேலைகளுக்குப் போய்ச் சீவிக்கும் அவளது சகோதரி என்பது பிறகு தெரியவருகிறது. சிறந்த நாடகம்தான், ஆயினும் எமக்கு நெருக்கமானது லோர்காவினுடையதே என்பது என் எண்ணம்.

அரசியலை விட்டுவிடலாம் என்கிறீர்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், சீதனமாகத் தன் பெயருக்கு எழுதப்பட்ட காணியையும் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாதென்பது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் வகுத்த விதி. இத்தகைய விதியை நீக்கக்கூடியது நாடாளுமன்றம். அந்தப் பெண்ணின் வலியைக் காட்டி அந்த விதியைக் காட்டாத நாடகம் பார்வையாளரின் இரக்கத்தைப் பெறும், அவ்வளவுதான்.

எமது விழிப்புணர்வு நாடகங்களில் இக்குறை அப்பட்டமாகத் தெரிகிறது. கணவன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறான், மனைவி அழுகிறாள், அதிகாரி ஒருவர் வந்து அறிவுரை சொல்கிறார், கணவன் திருந்துகிறான். அந்த வீட்டுப் படலையில் வாராவாரம் வந்து நிற்கும் நுண்கடன் வசூலிப்பவர் மேடைக்கு வருவதேயில்லை. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் மகளின் சம்பளம் எவ்வளவு என்று எவரும் கேட்பதில்லை. குடியும் அடியும் பொய்யென்று நான் சொல்லவில்லை. கடனையும் கூலியையும் மறைத்துவிட்டு அவற்றை மட்டும் காட்டும்போது, ஏழை ஆண் ஒருவனின் கெட்ட குணமே பெண்ணடிமைக்கு முழுக் காரணம் என்றாகிவிடுகிறது. வசதியான வீட்டுப் பார்வையாளர் தமக்கு இதில் பங்கில்லை என்ற நிம்மதியோடு எழுந்து போகிறார்.

பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஏற்ற கூத்து மேடையிலிருந்து பெண்கள் தாமே நடிக்கும் மேடைக்கு வர எமக்கு நெடுங்காலம் பிடித்தது. எந்தப் பெண்கள் வந்தார்கள் என்பதையும் கேளுங்கள். மாலை ஆறு மணிக்கு நகரில் ஒத்திகை என்றால், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவளும் பிள்ளையைப் பார்க்க ஆளில்லாதவளும் வர முடியாது. நாடகப் பிரதி எவ்வளவு முற்போக்கானதாக இருந்தாலும், அந்த நேர அட்டவணையே நடிகைகளைத் தெரிவுசெய்துவிடுகிறது. உங்கள் ஊரில் பெண்கள் குழு ஏதேனும் நாடகம் போட முனைந்தால், ஒத்திகையை ஞாயிறு பகலில் அவர்களுடைய ஊர் மண்டபத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். வரும் நாளுக்குரிய கூலியையும் செலவுக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.