தாடை வலிச்சா நாக்குல ருசி மாறுமா?

கேள்வி: ஆறு மாசமா வாயைத் திறந்தா காதுக்கு முன்னாடி டிக் டிக்னு சத்தம், வலி. இப்ப ரெண்டு வாரமா எதைச் சாப்பிட்டாலும் இரும்பைக் கடிச்ச மாதிரி இருக்கு. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா டாக்டர்?

பதில்: இருக்கலாம்ங்க, உங்க சந்தேகம் நியாயமானதுதான். நாக்கோட முன்பக்கம் மூணுல ரெண்டு பங்குக்கு ருசியைக் கொண்டு போறது கார்டா டிம்பனின்னு ஒரு மெல்லிய நரம்பு, அது முக நரம்போட கிளை, நடுக்காது வழியா வந்து தாடை மூட்டுக்கு ரொம்பப் பக்கத்துல ஒரு சின்ன எலும்பு இடுக்குல வெளிய வந்து நாக்கு நரம்போட சேந்துக்குது. அதனால மூட்டுல வீக்கமோ இடப்பெயர்ச்சியோ இருந்தா அந்த நரம்பு பாதிக்கப்பட வாய்ப்பிருக்கு. ஆனா இது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்ல, அதான் உடனே தாடை மேல பழியைப் போடாதீங்கன்னு சொல்றேன்.

இரும்பு ருசிக்கு ஈறுல ரத்தக்கசிவு, வாய் வறட்சி, துத்தநாகக் குறைவு, மெட்ரோனிடசோல் மாதிரி மாத்திரைன்னு வேற காரணம் நிறைய இருக்கு. புதுசா ஏதாவது மருந்து ஆரம்பிச்சீங்களா? அதை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, நீங்களா நிறுத்திடாதீங்க. முதல்ல பல் டாக்டர், தேவைப்பட்டா காது மூக்கு தொண்டை டாக்டர். அதுவரைக்கும் மெத்துன்னு சாப்பிடுங்க, சூயிங்கம் வேண்டாம், கொட்டாவி வந்தா தாடையைக் கையால தாங்கிக்கோங்க, வெதுவெதுப்பா ஒத்தடம் குடுங்க. முகம் ஒரு பக்கம் கோணினாலோ கண்ணு மூட முடியலன்னாலோ மட்டும் காத்திருக்காம அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.