இஞ்சின் மாடலுக்குள் ஸ்பீக்கர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எச்ஓ அளவில் (1:87, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) ஓர் ஆல்கோ டீசல் இஞ்சின் மாடல் வைத்திருக்கிறேன். லோக்சவுண்ட் 5 டிகோடர் (மாடலுக்குள் இருந்து இஞ்சின் சத்தத்தை எழுப்பும் சின்ன மின்னணு அட்டை) போட்டு, 11க்கு 15 மில்லிமீட்டர் சுகர் கியூப் ஸ்பீக்கர் ஒன்றை டபுள் டேப்பால் பாடிக்கு உள்ளே ஒட்டிவிட்டேன். சத்தம் கொசு ரீங்காரம் மாதிரி வருகிறது. இன்னும் அதிக வாட்ஸ் உள்ள ஸ்பீக்கர் வாங்க வேண்டுமா? (திருச்சி வாசகர்)

பதில்: வாங்க வேண்டாம். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது, அதன் முதுகு திறந்து கிடப்பதுதான் கோளாறு. ஸ்பீக்கரின் சவ்வு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் அதே அளவு காற்றை இழுக்கிறது. இவ்வளவு சின்னப் பொருளில் அந்த இரண்டும் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. கனமான சத்தம்தான் முதலில் காணாமல் போகும், கீச்சுக் குரல் மட்டும் மிஞ்சும். உங்களுக்குக் கேட்பது அந்த மிச்சம்தான்.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து நடுவில் சரியாக 11க்கு 15 ஓட்டை வெட்டி, ஸ்பீக்கரை அதில் இறுக்கமாகச் செருகி, இஞ்சினை ஐடிலில் ஓட விட்டுக் கேளுங்கள். வெறும் அட்டைதான், ஆனாலும் சத்தம் உடனே தடிக்கும். அட்டையை உருவினால் மறுபடி கொசு. இதை முதல் தடவை செய்து பார்த்த அன்று நான் அட்டையைப் போடுவதும் எடுப்பதுமாக அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அட்டையே இவ்வளவு செய்கிறது என்றால் மூடிய பெட்டி எவ்வளவு செய்யும்! காலாவதியான ஏடிஎம் கார்டு போதும், முக்கால் மில்லிமீட்டர் கனம் இருக்கும், இரண்டை ஒட்டிச் சுவராக வையுங்கள். ஆழம் எட்டு முதல் பத்து மில்லிமீட்டர், இடம் இருந்தால் இன்னும் கொஞ்சம். ஸ்பீக்கரின் ஓரத்துக்கு மட்டும் ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம், அது தண்ணீர் மாதிரி ஓடி சவ்வுக்குள் இறங்கிக் கெட்டியாகிவிடும். கொழகொழப்பான ரப்பர் பசையை ஈர்க்குச்சி நுனியால் தடவுங்கள். வயர் வரும் ஓட்டையையும் அதே பசையால் அடைக்க வேண்டும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். காய்ந்த பிறகு இஞ்சின் சத்தத்தைப் போட்டு, பெட்டியின் மூட்டு ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள். எங்கே அழுத்தினால் சத்தம் மாறுகிறதோ அங்கே காற்று கசிகிறது.

அப்புறம், வாயை எந்தப் பக்கம் திருப்புவது? மேலே ரேடியேட்டர் ஃபேன் ஜாலிக்கு நேராக, அல்லது கீழே போகி (சக்கரத் தொகுதி) இருக்கும் திறப்புப் பக்கமாக. எதுவானாலும் ஸ்பீக்கர் வாய்க்கும் பாடிக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் வாயில் துணி வைத்துப் பேசுகிற மாதிரி இருக்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், பொன்மலை ஷெட் பக்கம் நின்று கேட்டால் நெஞ்சில் இடிக்குமே, அந்த இடி இதில் வராது. ஆல்கோ வகை டபிள்யூடிஎம்-2 இஞ்சினுக்கு 16 சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், ஐடிலில் நிமிடத்துக்கு 400 சுற்று. கணக்குப் போட்டால் நொடிக்கு 53 வெடிப்பு. முழு வேகமான 1000 சுற்றில்கூட 133தான். நகத்தளவு ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்கவே முடியாது. ஆனால் அந்த அடிச்சுருதியின் மேல் மடங்குகள் (அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேகத்தில் வரும் அதிர்வுகள்) தெளிவாகக் காதில் விழுந்தால் அடியில் இருப்பதைக் காதே நிரப்பிக்கொள்ளும். அந்த மடங்குகள் தேயாமல் வெளியே வருவதற்குத்தான் பெட்டி.

கேள்வி: ரிச்சி தெருவில் மொபைல் ஸ்பீக்கர் மலிவாகக் கிடைக்கிறது. அதைப் போடலாமா? (சென்னை வாசகர்)

பதில்: தாராளமாகப் போடலாம், நானும் பெரும்பாலும் அதைத்தான் போடுகிறேன். கடையில் "ரிங்கர்" என்று கேளுங்கள். ஸ்பீக்கர் என்று மட்டும் சொன்னால் காதில் வைத்துப் பேசும் இயர்பீஸை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், அதில் இஞ்சின் சத்தம் எடுபடாது. மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள்: 8 ஓம் (மின்தடையின் அளவு) ரிங்கர் 7 சொச்சம் காட்டும், இயர்பீஸ் பெரும்பாலும் 30 பக்கம் காட்டும். சில போன்களின் ரிங்கர் பிளாஸ்டிக் கூட்டோடு சேர்ந்தே வரும். அந்தக் கூடுதான் தங்கம், உள்ளே இருப்பதை மட்டும் பெயர்த்தெடுக்காதீர்கள். நீளம் உங்கள் இஞ்சினுக்குள் அடங்குமா என்று அளந்து வாங்கினால் பெட்டி செய்யும் வேலையே மிச்சம்.

சால்டர் வைக்கும்போது இரண்டு நொடிக்கு மேல் சூடு காட்டாதீர்கள். மேஜையில் இரும்புத் தூள் இருந்தால் முதலில் துடைத்துவிடுங்கள், ஸ்பீக்கரின் காந்தம் அதை இழுத்துக்கொண்டால் பிறகு எடுப்பது பெரும்பாடு, சத்தத்தில் கரகரப்பு ஒட்டிக்கொள்ளும். மலிவுதானே, மூன்றாக வாங்குங்கள்.

கேள்வி: இரண்டு ஸ்பீக்கர் வைத்தால் சத்தம் கூடுமா? (கோவை வாசகர்)

பதில்: கூடும், ஆனால் முதலில் டிகோடரின் புத்தகத்தைப் பாருங்கள். 8 ஓம் இரண்டை சீரியலில் போட்டால் 16, பேரலலில் போட்டால் 4. லோக்சவுண்ட் 5 நான்கு முதல் 32 ஓம் வரை தாங்கும். அதே கம்பெனியின் பழைய 3.5 டிகோடருக்கு 100 ஓம் ஸ்பீக்கர் வேண்டும், அதில் 8 ஓமைக் கொடுத்தால் டிகோடர் போய்விடும். பழைய இஞ்சின் கைமாறி வந்திருந்தால் இதைப் பார்க்காமல் வயரைத் தொடாதீர்கள். இரண்டின் ப்ளஸ்ஸும் ஒரே முறையில் சேர வேண்டும். ஒன்று மாறினால் ஒரு சவ்வு தள்ளும்போது இன்னொன்று இழுக்கும், ஒரு ஸ்பீக்கர் வைத்ததைவிட மோசமாகக் கேட்கும்.

கேள்வி: ஊட்டி மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ் இஞ்சினை 45 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கு நானே செய்துகொண்டிருக்கிறேன். ஸ்பீக்கரை எங்கே வைப்பது? (குன்னூர் வாசகர்)

பதில்: மீட்டர்கேஜ் என்பதால் 1:22.5 சரியான அளவு, வாழ்த்துகள். இது டேங்க் இஞ்சின், பின்னால் டெண்டர் கிடையாது, ஆனால் பக்கவாட்டுத் தண்ணீர்த் தொட்டி இரண்டும் இயற்கையாகவே அமைந்த ஸ்பீக்கர் பெட்டி. இந்த அளவில் 40 மில்லிமீட்டர் வட்ட ஸ்பீக்கர் வைக்கலாம். ஒரு தொட்டிக்குள் படுக்கவைத்து, வாயைக் கீழ்ப்பக்கம் திறந்து, மற்ற எல்லா இடுக்கையும் அடைத்துவிடுங்கள். எடையை மறு தொட்டியில் ஈடுகட்ட மறக்காதீர்கள்.

ஒலிப்பதிவைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் மெனக்கெடுங்கள். எக்ஸ் கிளாஸில் நான்கு சிலிண்டர், இரண்டு மேலழுத்தம், இரண்டு கீழழுத்தம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதையில் மட்டும்தான் கீழழுத்தச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். அதனால் மலை ஏறும்போது வரும் மூச்சும் சமதளத்து மூச்சும் ஒன்றல்ல. சாதாரண ஸ்டீம் இஞ்சின் பதிவைப் போட்டால் குன்னூர்க்காரர் காது ஒத்துக்கொள்ளாது. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறீர்கள், ஒரு காலையில் போய் நீங்களே பதிவு செய்துவிடுங்கள். காற்று மைக்கில் அடிக்காமல் இருக்க ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் சுற்றிக்கொண்டால் போதும்.