நின்டெண்டோவின் யமவுச்சி விட்டுச்சென்றது என்ன? – கேள்வி பதில்

1949 முதல் 2002 வரை நின்டெண்டோ நிறுவனத்தின் தலைவராக இருந்த ஹிரோஷி யமவுச்சியைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். என் துறை வணிக வரலாறு. எந்த விளையாட்டில் எந்தக் கட்டத்தை எப்படித் தாண்டுவது என்று கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். அவர் சொன்னதாகப் படத்துடன் சுற்றிவரும் பொன்மொழிகளை அனுப்பி, உண்மையா என்று கேட்க வேண்டாம் என்றும் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். எந்த ஆண்டில், யாரிடம் சொன்னார் என்ற விவரம் இல்லாத மேற்கோளை நான் தொடுவதில்லை.

வைகைக்கரையான்: மாரியோவை உருவாக்கியவர் இவர்தானே?

இல்லை. நின்டெண்டோவின் விளையாட்டு வடிவமைப்பாளர் ஷிகேரு மியாமோட்டோ.

தமிழினி: சீட்டுக்கட்டு அச்சடித்த நிறுவனம் வீடியோ கேமுக்கு எப்படி வந்தது?

நின்டெண்டோவை 1889ல் கியோட்டோவில் தொடங்கியவர் யமவுச்சியின் கொள்ளுத்தாத்தா புசாஜிரோ. ஹனாபுடா என்னும் ஜப்பானியச் சீட்டுகளே அன்றைய சரக்கு. தாத்தா பக்கவாதத்தில் விழுந்தபோது, வசேடா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த யமவுச்சி படிப்பை விட்டுவிட்டு, 22 வயதுகூட நிறைந்திராத நிலையில் பொறுப்பேற்றார். குடும்பத்திலிருந்து தன்னைத் தவிர வேறு யாரும் நிறுவனத்தில் இருக்கக் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. அந்த மனிதரைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி போதும் என்பேன்.

1953ல் பிளாஸ்டிக் சீட்டுகள், 1959ல் டிஸ்னி உருவங்கள் அச்சிட்ட சீட்டுகள் என்று அவர் கைவைத்தவை நன்றாகவே விற்றன. ஆனால் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் உலகின் மிகப் பெரிய சீட்டு நிறுவனத்தைப் பார்க்கச் சென்றவர், அதன் அலுவலகமே அவ்வளவு சிறியதாக இருப்பதைக் கண்டு, இந்தத் தொழிலின் கூரை எவ்வளவு தாழ்வானது என்பதை உணர்ந்து திரும்பினார். பிறகு வாடகைக் கார், உடனடிச் சோறு என்று எதை எதையோ முயன்று பணத்தை இழந்தார். வழி திறந்தது ஒரு பராமரிப்புப் பணியாளரால். இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள 1965ல் சேர்ந்த குன்பெய் யோகோய், பொழுதுபோகாமல் செய்துவைத்திருந்த நீளும் கை ஒன்றைக் கண்ட யமவுச்சி, அதைப் பொம்மையாக மாற்றித் தரச் சொன்னார். 1966ல் ‘அல்ட்ரா ஹேண்ட்’ என்ற பெயரில் வந்த அது பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அங்கிருந்து மின்னணுப் பொம்மைகள், 1977ல் தொலைக்காட்சியில் ஆடும் கேம், 1980ல் கையடக்கமான ‘கேம் அண்ட் வாட்ச்’, 1983 ஜூலையில் தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் ஃபேமிகாம் இயந்திரம்.

அறிவன்: அவர் தம் வாழ்நாளில் கேம் ஆடியதே இல்லை என்பது உண்மையா?

அவர் கேம் ஆடுபவர் அல்லர். ஆடியது ‘கோ’ என்னும் பலகையாட்டம். அதில் நல்ல தேர்ச்சி உடையவர்.

ராஜாளி: 1983ல் செத்துப்போன வீடியோ கேம் தொழிலை உயிர்ப்பித்தவர் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நீங்கள் ஏற்கிறீர்களா?

செத்தது வட அமெரிக்க வீட்டுச் சந்தை. ஜப்பானில் அப்போதுதான் ஃபேமிகாம் பிறந்தது. பிரிட்டனில் பிள்ளைகள் ஸ்பெக்ட்ரம் கணினியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். இந்த வேறுபாட்டை மறந்து எழுதப்படும் கட்டுரைகளே மிகுதி.

அமெரிக்காவில் நடந்தது இது. அடாரி என்ற அமெரிக்க நிறுவனத்தின் விளையாட்டு இயந்திரத்துக்கு யார் வேண்டுமானாலும் கார்ட்ரிட்ஜ் (விளையாட்டு அடங்கிய செருகுபெட்டி) தயாரித்து விற்கலாம் என்ற நிலை வந்ததும், கடைகள் குப்பையால் நிரம்பின. 1983ல் சுமார் 320 கோடி டாலராக இருந்த வணிகம், 1985ல் ஏறத்தாழ 10 கோடிக்குச் சுருங்கியது. விற்காத சரக்கை அடாரி நியூ மெக்சிகோ பாலைநிலத்தில் புதைத்தது கட்டுக்கதை அன்று. 2014ல் தோண்டி எடுத்தே காட்டினார்கள்.

நின்டெண்டோ 1985ல் நியூயார்க்கில் இறங்கியபோது, ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான இயந்திரத்துக்குள் ஒரு பூட்டுச் சில்லு இருந்தது. நின்டெண்டோ தயாரித்துத் தராத கார்ட்ரிட்ஜ் அதில் ஓடாது. அந்தச் சில்லுக்குப் பின்னால் ஓர் ஒப்பந்தம் இருந்தது: பிற நிறுவனம் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடலாகாது, வெளியிட்டதை இரண்டு ஆண்டுகளுக்கு வேறெந்த இயந்திரத்துக்கும் தரலாகாது, கார்ட்ரிட்ஜை நின்டெண்டோவே செய்யும், அதற்கான பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். விற்காவிட்டால் நட்டம் வெளியிட்டவருடையது. யமவுச்சி விட்டுச்சென்றவற்றுள் தலையாயது இந்த ஒப்பந்தமே என்பது என் துணிபு. இன்று கைப்பேசிச் செயலிகளின் வருமானத்தில் செயலிக் கடை நடத்துபவர் பங்கு எடுக்கிறாரே, அதன் முன்மாதிரி இங்கே இருக்கிறது.

நெய்தல்: தரத்தைக் காத்தவரைச் சுங்கச்சாவடிக்காரர் போலச் சித்திரிப்பது நியாயமா? கட்டுப்பாடு இல்லாதிருந்தால் மறுபடியும் குப்பைதானே சேர்ந்திருக்கும்?

கட்டுப்பாடு தேவைப்பட்டது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஐந்து என்ற வரம்பு தரத்தை அளக்காது, எண்ணிக்கையைத்தான் அளக்கும். கோனாமி என்ற விளையாட்டு நிறுவனம், ‘அல்ட்ரா’ என்று இன்னொரு பெயரில் துணை நிறுவனம் தொடங்கி மேலும் ஐந்து வெளியிட்டது. நின்டெண்டோவும் அதற்கு இசைந்தது. தரம் மட்டுமே நோக்கம் என்றால் இந்தக் கூத்து எதற்கு?

ராஜாளி: அப்படியானால் அவர் ஏகபோகக்காரர் என்று நேராகச் சொல்லிவிடலாமே!

அதையும் அவ்வளவு எளிதாகச் சொல்ல விடமாட்டேன். 1991ல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் எடுத்த நடவடிக்கை சில்லறை விலையைக் குறைக்க விடாமல் கடைகளைக் கட்டுப்படுத்தியது பற்றியது. அதன் முடிவில் வாங்கியவர்களுக்குக் கிடைத்தது ஐந்து டாலர் கழிவுச் சீட்டு. அந்தச் சீட்டைக் கொண்டு நின்டெண்டோவின் பொருளைத்தான் வாங்க வேண்டும்! தண்டனையே விற்பனையாக முடிந்ததை என் மாணவர்களுக்குச் சொல்லாத ஆண்டு இல்லை. பூட்டை உடைத்துத் தானே கார்ட்ரிட்ஜ் விற்ற அடாரி கேம்ஸ் நிறுவனமோ நீதிமன்றத்தில் பின்னடைவையே சந்தித்தது.

நெய்தல்: ஆக, வென்றது அவர்தான்.

1991 வரை வென்றார். அதே ஒப்பந்தப் பிடிவாதம் அதே ஆண்டில் அவரைக் கவிழ்த்தது. அடுத்த இயந்திரமான சூப்பர் நின்டெண்டோவுக்குக் குறுவட்டு இணைப்பு செய்ய சோனியுடன் ஏற்கெனவே உடன்படிக்கை இருந்தது. அந்தக் குறுவட்டுகளின் உரிமம் சோனியின் கைக்குப் போகும் என்பதைக் கண்ட யமவுச்சி, பிறரிடம் தாம் வசூலித்ததைத் தம்மிடம் இன்னொருவர் வசூலிப்பதைப் பொறுக்கவில்லை. சிகாகோ கண்காட்சியில் சோனி தன் இயந்திரத்தை அறிவித்த மறுநாளே, நின்டெண்டோ பிலிப்ஸுடன் கைகோத்ததாக அறிவித்தது. அவமானப்பட்ட சோனி, தன் பொறியாளர் கென் குட்டராகியின் முனைப்பில் 1994ல் பிளேஸ்டேஷனைக் கொண்டுவந்தது. யமவுச்சி 1996ல் வந்த நின்டெண்டோ 64லும் கார்ட்ரிட்ஜையே பிடித்துக்கொண்டிருந்தார். அதில் அடங்கியது அதிக அளவாக 64 மெகாபைட். குறுவட்டில் அதைப் போல் பத்து மடங்கு, தயாரிப்புச் செலவும் அற்பம். ஸ்கொயர் நிறுவனம் ஃபைனல் ஃபேண்டசியின் ஏழாம் பாகத்தை மூன்று குறுவட்டுகளில் பிளேஸ்டேஷனுக்குக் கொடுத்துவிட்டது. பிளேஸ்டேஷன் 10 கோடியைத் தாண்டி விற்க, நின்டெண்டோ 64 ஏறத்தாழ 3.3 கோடியில் நின்றது. குறுவட்டின் ஏற்றும் நேரமும் திருட்டுப் பிரதியும் அவர் தரப்புக்கு நியாயமான காரணங்களே. ஆனால் கார்ட்ரிட்ஜைத் தயாரிப்பவரே அதில் இலாபமும் காண்பவர் என்பதை மறந்து அவற்றைப் படிக்க வேண்டாம். நெய்தலும் ராஜாளியும் இதற்கு மேல் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம்.

பனங்காட்டு நரி: எங்கள் ஊரில் தொண்ணூறுகளில் மஞ்சள் கார்ட்ரிட்ஜில் மாரியோவும் கான்ட்ராவும் ஆடினோமே, அவையும் நின்டெண்டோ தானா?

இயந்திரம் ஃபேமிகாமின் நகல். நின்டெண்டோவுக்கு அதில் சல்லிக்காசு போகவில்லை. நான் மேலே சொன்ன பூட்டுச் சில்லு ஜப்பானில் விற்ற ஃபேமிகாமில் இல்லை, அமெரிக்காவுக்குச் சென்ற இயந்திரத்தில்தான் இருந்தது. பூட்டில்லாத வீட்டைப் போலவே கட்டிவிடலாம் அல்லவா? நம்மவர்களில் பலருக்கு நின்டெண்டோ அறிமுகமானதே யமவுச்சியின் ஒப்பந்தம் எட்டாத அந்த வழியில்தான்.

குமரன்: மாரியோவுக்கான யோசனை அவருடையது என்று படித்தேனே?

முதல் விடையைப் பார்க்கவும்.

சுடர்விழி: ‘அவர் சொன்னது’ என்று ஒரு படம் அனுப்பியுள்ளேன், உண்மையா?

முன்னுரையைப் பார்க்கவும்.

கயல்: பேஸ்பால் அணி ஒன்றை வாங்கினாராமே?

1992ல், சியாட்டில் மாரினர்ஸ். அணி வேறு ஊருக்குப் போய்விடாமல் இருக்கப் பெரும்பங்குப் பணத்தைக் கொடுத்தார். வெளிநாட்டவர் என்று எதிர்ப்பு எழுந்ததால் வாக்குரிமையைக் குறைத்துக்கொண்டார். அந்த அணியின் ஒரு போட்டியைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை.

யாழோன்: கேமே ஆடாதவர் எந்த விளையாட்டை வெளியிடுவது என்று எப்படித் தீர்மானித்தார்?

மூன்றாம் கேள்வியை மறுபடி கேட்கிறீர்களோ என்று நினைத்தேன். இது வேறு, நல்ல கேள்வி. பொறியாளர்களைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று போட்டியிடச் செய்தார். ஒரு குழுவுக்கு யோகோய், ஃபேமிகாமை வடிவமைத்த குழுவுக்கு மசாயுகி உவேமுரா, பின்னர் மியாமோட்டோவுக்கும் ஒரு குழு. இறுதித் தீர்ப்பு அவரிடம். வாங்குவோரைக் கூட்டிக் கருத்துக் கேட்கும் சந்தை ஆராய்ச்சி வழக்கம் அவரிடம் இல்லை. 1995ல் யோகோயின் ‘வர்ச்சுவல் பாய்’ இயந்திரம் படுதோல்வி அடைந்ததையும் இந்தக் கணக்கில் எழுத வேண்டும்.

ஆள் தேர்வில் அவருக்கு இருந்த கண் அதைவிடக் கூர்மையானது என்பேன். கடனில் மூழ்கிய ‘ஹால் ஆய்வகம்’ என்ற விளையாட்டு நிறுவனத்தைக் கைதூக்கிவிட, சதோரு இவாடாவை அதன் தலைவராக்க வேண்டும் என்று 1993ல் நிபந்தனை விதித்தார். நிரல் எழுதுபவரான அந்த இவாடாவையே 2002ல் தம் நாற்காலியில் அமர்த்தினார். யமவுச்சி குடும்பத்தைச் சேராத ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது அதுவே முதல் முறை.