மென்பொருள் பொறியியல் இளங்கலைப் பாடங்களும் அரசாங்க நிதியும்: கேள்வி பதில்

வணக்கம். கோலாலம்பூரில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணினியியல் கற்பித்து வருகிறேன். அதில் பாதிக்கும் மேற்பட்ட காலம் பாடத்திட்டக் குழுக்களில் கழிந்தது. இளங்கலை மென்பொருள் பொறியியல் பாடங்களை உருவாக்கவும் திருத்தவும் அரசாங்கத்திடமிருந்து நிதி பெறுவது குறித்துப் பலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளில் வந்தவற்றை ஒன்றாக்கியுள்ளேன்.

கேள்வி (தனியார் கல்லூரி விரிவுரையாளர், பிரிக்பீல்ட்ஸ்): ஐயா, புதிய பாடம் ஒன்றை உருவாக்க அரசாங்கம் நேரடியாக மானியம் தருகிறதா? யாரைக் கேட்டாலும் ஆய்வு மானியத்தைப் பற்றியே சொல்கிறார்கள்.

பதில்: நம் நாட்டுப் பல்கலைக்கழக வட்டாரத்தில் மானியம் என்றாலே ஆய்வு மானியம் என்றுதான் பொருள் கொள்கிறோம். பாடத்துக்கான பணம் வேறு பெயர்களில் வருவதால் பலருடைய கண்ணில் படுவதில்லை. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு உயர்கல்வி அமைச்சின் வழியாக இரண்டு வகை ஒதுக்கீடு கிடைக்கிறது. சம்பளம், பராமரிப்பு போன்றவற்றுக்கு ஆண்டுதோறும் வரும் நிர்வாக ஒதுக்கீடு ஒன்று; கட்டடம், ஆய்வுக்கூடம், கருவிகள் ஆகியவற்றுக்கு ஐந்தாண்டு மலேசியத் திட்டத்தின் கீழ் வரும் மேம்பாட்டு ஒதுக்கீடு மற்றொன்று. பாடத்தை எழுதும் விரிவுரையாளரின் நேரம் முதல் கணக்கிலும், அவர் கேட்கும் கணினிகள் இரண்டாவது கணக்கிலும் அடங்கிவிடுவதால், பாடம் என்ற ஒன்றுக்கு இவ்வளவு செலவு என்று எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை. அப்படிப் பதிவாகாத செலவுதான் நெருக்கடி வந்தால் முதலில் வெட்டப்படுகிறது.

உங்களைப் போன்ற தனியார் கல்லூரிகள் 1996 ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிறுவனச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. அவற்றுக்கு நிர்வாக ஒதுக்கீடு கிடையாது. அரசாங்கப் பணம் பெரும்பாலும் மாணவர்களின் கடன் வழியாகக் கட்டணமாகவே உங்களை வந்தடைகிறது. ஆனாலும் வழிகள் இருக்கின்றன. அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து விண்ணப்பிப்பது, ஐரோப்பிய நிதியில் பங்காளியாகச் சேர்வது, தொழில் நிறுவனங்களின் பங்களிப்பைப் பெறுவது ஆகியவை அவற்றுள் நடைமுறைக்கு ஏற்றவை. மலேசிய மின்னிலக்கப் பொருளாதாரக் கழகமான எம்.டி.இ.சி.யும் உயர்கல்வி அமைச்சும் 2017 இல் தொடங்கிய முதன்மை மின்னிலக்கத் தொழில்நுட்பக் கழக அங்கீகாரத்தையும் கவனியுங்கள். அது காசோலையாகக் கைக்கு வருவதன்று. ஆனால் பாடத்தை வடிவமைக்கும் மேசைக்குத் தொழில் நிறுவனங்களை அழைத்துவர அது பெரிதும் உதவுகிறது.

கேள்வி (இளம் விரிவுரையாளர், பினாங்கு): எப்.ஆர்.ஜி.எஸ். மானியத்துக்கு விண்ணப்பித்து, அந்தப் பணத்தில் ஒரு பாடத்தை உருவாக்கலாமா?

பதில்: கூடாது. எப்.ஆர்.ஜி.எஸ். என்பது உயர்கல்வி அமைச்சு அடிப்படை ஆய்வுக்கென வழங்கும் மானியம். புதிய அறிவு என்ன உருவாகும் என்பதைத்தான் மதிப்பீட்டாளர்கள் பார்ப்பார்கள். பாடக்குறிப்பும் பயிற்சித் தாளும் எழுதுவதை ஆய்வு என்று சொல்லி அனுப்பினால் விண்ணப்பம் திரும்பி வரும். ஒருவேளை ஏற்கப்பட்டுவிட்டாலும் தணிக்கையின்போது சிக்கலில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். மாணவர்கள் ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் வாசித்துத் திருத்தும்போது எதைக் கற்கிறார்கள், எதைத் தவறவிடுகிறார்கள் என்பது போன்ற உண்மையான ஆய்வுக் கேள்வி உங்களிடம் இருந்தால், அதைக் கல்வி ஆய்வாக முன்வைக்கலாம். அப்போது பாடம் அந்த ஆய்வின் களமாக அமையும். கேள்வி முதலில் பிறக்க வேண்டும் என்பதே முக்கியம். தொடக்க நிலையில் உங்களுக்குப் பொருத்தமானவை, பல்கலைக்கழகங்கள் தம் சொந்த நிதியிலிருந்து கற்பித்தல் மேம்பாட்டுக்கென ஒதுக்கும் சிறிய உள்மானியங்கள். தொகை சிறியதுதான் என்றாலும், அதைக் கொண்டு ஒரு செமஸ்டர் பாடம் நடத்திக் கிடைத்த விவரங்கள் அடுத்த பெரிய விண்ணப்பத்துக்கு முதுகெலும்பாக நிற்கும்.

கேள்வி (துறைத் தலைவர், கோலாலம்பூர்): வரவு செலவுத் திட்டத்தில் எதற்கு எவ்வளவு கேட்பது? எங்கள் குழு எழுதிய பட்டியலில் முக்கால் பங்கு கணினிகளுக்கே போகிறது.

பதில்: வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றியது இதுதான். எனவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஒரு மாநாட்டைக் கூட்டியது. மென்பொருள் பொறியியல் என்ற பெயர் பரவலானது அந்த மாநாட்டுக்குப் பிறகுதான். காலக்கெடுவைத் தாண்டி, செலவு வரம்பை மீறி, பிழைகளோடு வெளிவந்த பெரிய மென்பொருள்களைப் பற்றிய கவலையே அங்கே பேசப்பட்டது. பலர் சேர்ந்து, பல மாதங்கள், மாறிக்கொண்டே இருக்கும் தேவைகளுக்கு ஏற்ப வேலை செய்வதில் உள்ள சிக்கல் இது. ஆகவே இதைக் கற்பிக்கக் குழுவாக வேலை செய்யும் அனுபவமும், அந்தக் குழுவை அருகிலிருந்து கவனிக்கும் ஆசிரியரும் வேண்டும். கணினித் துறையின் அனைத்துலகத் தொழில்முறைச் சங்கங்களான ஏ.சி.எம்., ஐ.இ.இ.இ. கணினிச் சங்கம் ஆகிய இரண்டும் இணைந்து வெளியிட்ட 'மென்பொருள் பொறியியல் 2014' என்ற இளங்கலை வழிகாட்டி, இறுதித் திட்டப்பணி ஒரு முழுக் கல்வியாண்டு நீடிக்க வேண்டும் என்று கூறுவதும் இதனால்தான்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். அறுபது மாணவர்கள், ஐவர் ஐவராகப் பன்னிரண்டு குழுக்கள். ஒவ்வொரு குழுவையும் வாரத்துக்கு அரை மணி நேரம் சந்தித்தால் ஆறு மணி நேரம். பதினான்கு வாரங்களுக்கு 84 மணி நேரம். ஆவணங்களையும் நிரலையும் வாசித்து மதிப்பெண் இடும் நேரம் இதில் சேரவில்லை. மாணவர் பக்கத்திலும் நேரம் கணக்கிடப்பட்டிருக்கிறது. உயர்கல்விப் படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் எம்.கியூ.ஏ.வின் விதிப்படி ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரக் கற்றல், அதாவது மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம் ஒவ்வொரு மாணவரும் உழைக்க வேண்டும். அந்த உழைப்பைக் கவனித்துத் திருத்த ஆள் இல்லையென்றால் எத்தனை கணினி வாங்கினாலும் பாடம் நடக்காது. ஆகவே முதல் வரியில் கற்பித்தல் உதவியாளர்களின் ஊதியத்தை எழுதுங்கள். இரண்டாவது வரியில், பாடம் எழுதும் விரிவுரையாளருக்கு ஒரு செமஸ்டர் வகுப்புச் சுமையைக் குறைப்பதற்கான மாற்று ஆசிரியர் செலவைச் சேருங்கள். அதன் பிறகே கருவிகள் வரட்டும்.

நான் பணியாற்றிய இடங்களுள் ஒன்றில் மேம்பாட்டு ஒதுக்கீட்டில் முப்பது கணினிகள் வாங்கினோம். ஆய்வுக்கூட உதவியாளர் பதவிக்குப் பணம் கேட்க மறந்துவிட்டதால், ஒரு செமஸ்டர் முழுவதும் அவை பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் பூட்டிய அறையில் கிடந்தன. அந்த அறையைக் கடந்து போகும்போதெல்லாம் மனம் கனத்தது. அந்தப் பட்டியலை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

இன்னொன்றையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு பாடத்தில், முந்தைய ஆண்டு மாணவர்கள் எழுதிய நாலாயிரம் வரி நிரலை இவ்வாண்டு மாணவர்களிடம் கொடுத்து, அதைத் திருத்தி விரிவாக்கச் சொன்னோம். மருந்தகச் சந்திப்புகளைப் பதிவு செய்யும் மென்பொருள் அது. முதல் வாரம் வகுப்பில் பேச்சே இல்லை. எல்லோரும் திரையை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வாரம் ஒரு மாணவி கையைத் தூக்கி, பிப்ரவரி 29 ஆம் தேதியை இந்த மென்பொருள் ஏற்க மறுக்கிறது என்றார். அவரைச் சுற்றி நாற்காலிகள் கூடின. அந்தப் பாடத்துக்கு நாங்கள் செலவழித்தது இரண்டு கற்பித்தல் உதவியாளர்களின் ஊதியம் மட்டுமே.

கேள்வி (பெயர் வெளியிட விரும்பாதவர்): மூன்று முறை விண்ணப்பித்து மூன்று முறையும் நிராகரிக்கப்பட்டேன். பாடத்தின் உள்ளடக்கம் நன்றாக இருப்பதாகத்தான் மதிப்பீட்டாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

பதில்: நீங்கள் இணைத்திருந்த பகுதிகளைப் படித்தேன். பாடம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. பாடம் பயன் தந்ததா என்பதை எப்படி அறிவீர்கள், பிற நிறுவனங்கள் அதை எப்படி எடுத்துப் பயன்படுத்தும் ஆகிய இரண்டு கேள்விகளுக்குத்தான் விண்ணப்பத்தில் விடை இல்லை. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, இளங்கலைக் கல்வியை மேம்படுத்துவதற்கென்றே நீண்ட காலமாகத் தனி நிதித் திட்டம் வைத்திருக்கிறது. சி.சி.எல்.ஐ. என்று இருந்து, பின்பு டி.யூ.இ.எஸ்., ஐ.யூ.எஸ்.இ. என்று பெயர் மாறி வந்த அத்திட்டத்தில், மதிப்பீட்டுத் திட்டமும் முடிவுகளைப் பிறருடன் பகிரும் திட்டமும் விண்ணப்பத்தின் இன்றியமையாத உறுப்புகள். நம் நாட்டுப் படிவங்களில் அதற்குத் தனிக் கட்டம் இல்லாவிட்டாலும் நீங்களாகவே ஒரு பக்கம் எழுதிச் சேருங்கள். பாடம் தொடங்கும் முன் மாணவர்களிடம் ஒரு சிறு பணியைக் கொடுத்து, பாடம் முடிந்த பின் அதே தரத்தில் இன்னொன்றைக் கொடுத்து ஒப்பிடுவதாகச் சொன்னாலே போதும். மாணவர் திருப்திக் கருத்துப்படிவத்தைவிட அது பல மடங்கு நம்பத்தக்கது. நான்காவது முறையும் விண்ணப்பியுங்கள்.

கேள்வி (புல முதல்வர், தனியார் பல்கலைக்கழகம்): ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் நிதி மலேசியாவுக்கும் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். உயர்கல்வித் திறன் வளர்ப்பு என்ற பிரிவில் மலேசியப் பல்கலைக்கழகங்கள் பங்கேற்கலாம். பாடத்திட்டத்தைப் புதுப்பிப்பது அப்பிரிவின் நேரடி நோக்கங்களில் ஒன்று. அரசு, தனியார் என்ற பாகுபாடும் இல்லை. பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்த கூட்டாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், ஐரோப்பாவில் ஏற்கெனவே உங்களோடு தொடர்பில் இருக்கும் ஒரு துறையைத் தேடுவதே முதல் வேலை. கூட்டு அமைய ஓராண்டாவது பிடிக்கும். வேலைப் பங்கீட்டையும் தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐரோப்பியப் பங்காளி பாடத்தை எழுதித் தர, நாம் அதை நடத்திப் பார்ப்பது என்ற ஏற்பாட்டுக்கு ஒருபோதும் இணங்க வேண்டாம். நம் மாணவர்களுக்கான பாடத்தை எழுதும் திறன் நம்மிடம் வளர வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நிதியே தரப்படுகிறது.

கேள்வி (மென்பொருள் நிறுவன மேலாளர், பாயான் லெப்பாஸ்): நாங்கள் மனிதவள மேம்பாட்டு லெவி கட்டுகிறோம். அந்தப் பணத்தைப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் பாடத்துக்குத் தர முடியுமா?

பதில்: பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை லெவியாகக் கட்டுகிறார்கள். அது அவர்களுடைய ஊழியர்களின் பயிற்சிக்கானது. பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையாக மாற்ற முடியாது. ஆனால் மென்பொருள் சோதனை, பழைய நிரலைப் பராமரித்தல் போன்ற தலைப்புகளில் பல்கலைக்கழகம் குறுஞ்சான்றிதழ்ப் பாடங்களை நடத்தி, அவை லெவியில் கோரத்தக்க பயிற்சியாகப் பதிவு பெற்றிருந்தால், உங்கள் பொறியாளர்களை அங்கே அனுப்பலாம். அதே பாடக்கூறுகள் இளங்கலை வகுப்பிலும் பயன்படும்படி எழுதப்பட்டால், உங்கள் பயிற்சிக் கட்டணம் மறைமுகமாக அந்த வகுப்பையும் தாங்கும்.

முன்மாதிரியைத் தேடி நீங்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. 1972 இல் இன்டெல் போன்ற நிறுவனங்கள் வந்து ஊன்றிய உங்கள் வட்டாரத்தில், 1989 இல் மாநில அரசாங்கமும் தொழில் நிறுவனங்களும் கல்வியாளர்களும் சேர்ந்து பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கினார்கள். நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டுக்கொண்டே பயிற்சியில் மட்டும் கைகோத்தன. மென்பொருளிலும் அது முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பணத்தைவிட உங்கள் மூத்த பொறியாளர் ஒருவரை வாரத்துக்கு ஒரு பிற்பகல் அனுப்பிவையுங்கள். விண்ணப்பத்தில் அதைத் தொழில்துறைப் பங்களிப்பாக மணிக்கணக்கில் காட்டலாம். பயிற்சி மாணவர்களை எடுப்பதாக இருந்தால், அரசாங்கத்தின் திறனாளர் முகமையான டேலண்ட்கார்ப் ஏற்றுக்கொண்ட கட்டமைக்கப்பட்ட தொழிற்பயிற்சிக்கு இரட்டை வரிக் கழிவு வழங்கப்பட்டு வந்திருக்கிறது. நடப்பு ஆண்டின் விதியை உங்கள் கணக்காளரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி (ஒரு தாயார், செந்தூல்): மகள் மென்பொருள் பொறியியல் படிக்க விரும்புகிறாள். பாடத்துக்கு அரசாங்கம் பணம் தருகிறதா என்று பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், அம்மா. அந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. ஒப்புதல் இருக்கிறதா என்று அதன் இணையப் பதிவேட்டில் பாருங்கள். ஒப்புதல் இல்லாத படிப்புக்கு அரசாங்கத்தின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். கடனும் கிடைக்காது. கல்லூரிக்கு நேரில் சென்றால், இறுதி ஆண்டுத் திட்டப்பணியில் ஓர் ஆசிரியர் எத்தனை குழுக்களைக் கவனிக்கிறார் என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லும் இடத்தில் உங்கள் மகளைச் சேர்க்கலாம்.

கேள்வி (கல்லூரி விரிவுரையாளர், பட்டர்வொர்த்): நிதி கிடைத்த பின் பாடத்தைத் தொடங்க எவ்வளவு காலம் ஆகும்?

பதில்: ஏற்கெனவே நடக்கும் பட்டப்படிப்புக்குள் ஒரு பாடத்தைத் திருத்துவதென்றால் உங்கள் கல்விக்குழுவின் ஒப்புதலோடு விரைவாக முடிக்கலாம். புதிய பட்டப்படிப்பு என்றால் எம்.கியூ.ஏ.விடம் முதலில் தற்காலிக அங்கீகாரம், முதல் தொகுதி மாணவர்கள் இறுதி ஆண்டை எட்டும்போது முழு அங்கீகாரம் என இரண்டு படிகள். மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் போன்றவை 2010 இல் சுய அங்கீகாரத் தகுதி பெற்றதால் தம் படிப்புகளைத் தாமே மதிப்பிட்டுக்கொள்கின்றன; உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே நிதிக் காலத்துக்குள் முடிய வேண்டிய பணி என்றால் பாடத்திருத்தத்தையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி (துணைப் பேராசிரியர், கோலாலம்பூர்): நிதிக் காலம் முடிந்ததும் பாடம் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. இதற்கு என்ன செய்வது?

பதில்: நிதி தீரும் நாளன்று யார் என்ன செய்வார்கள் என்பதை விண்ணப்பிக்கும்போதே புல முதல்வரின் கையொப்பத்தோடு ஒரு கடிதமாக வாங்கிவிடுங்கள். அதில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும். கற்பித்தல் உதவியாளர் ஒருவரின் ஊதியத்தைப் புலம் தன் நிர்வாக ஒதுக்கீட்டில் ஏற்கும். பாடத்தை உருவாக்கியவரோடு இன்னொருவரும் முதல் ஆண்டிலிருந்தே சேர்ந்து கற்பிப்பார். பாடப்பொருள், மதிப்பெண் அளவுகோல், மாணவர் நிரல்கள் எல்லாம் துறையின் பொதுச் சேமிப்பகத்தில் இருக்கும். நான் உருவாக்கிய பாடங்களில் இன்றும் நடப்பவை இரண்டு. இரண்டிலுமே முதல் செமஸ்டரில் என் பக்கத்தில் ஓர் இளம் விரிவுரையாளர் உட்கார்ந்திருந்தார். இப்போது அவற்றை அவர்கள்தாம் நடத்துகிறார்கள். போன செமஸ்டர் அதில் ஒருவர் என் பழைய பயிற்சித் தாள்களில் பாதியை நீக்கிவிட்டுப் புதிதாக எழுதியிருக்கிறார்.